கோலாக் கொட்டையும் கொட்டைப்பாக்கும்

எங்கள் அப்பாருவுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பெரியவர் நைஜீரியாவில் இருந்தார். ஒரு நாவலுக்குள்ளே.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாருவின் மகள், எங்கள் அத்தை, எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். போத்தனூர் தாண்டி இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து உக்கடம் போய், பஸ் மாறிக் கல்லூரிக்குப் போவாள். லைப்ரரி புத்தகம் என்று அந்த நாவலைக் கொண்டுவந்து, மத்தியானங்களில் எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள். அதில் இக்போ இனத்துத் தாத்தா ஒருவர். வள்ளிக்கிழங்கு விளைந்தால் முதல் கிழங்கு சாமிக்கு. கள் குடித்தால் முதல் சொட்டு மண்ணில், செத்துப்போன பெரியவர்களுக்கு.

"அட, நம்மாளுங்க!" என்பார் அப்பாரு. "அங்க மழை எப்புடின்னு பாத்துச் சொல்லு கண்ணு."

அந்தத் தாத்தா வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கோலாக் கொட்டைதான். நம்ம பாக்கு மாதிரி. அதைக் கொடுக்காமல் ஒரு பேச்சும் தொடங்கக் கூடாது.

அந்த வாரம் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை காலேஜ் வாத்தியார். அப்பாருவுக்கு அதுதான் குறை. "மம்முட்டி புடிச்சு மண்ணு வெட்டத் தெரியாத ஆளு. காப்பியக் குடுத்து, கலந்துக்கிட்டுச் சொல்றமுங்கன்னு அனுப்பிப்போடலாம்" என்றார். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று நினைத்தேன்.

அன்று காலை எனக்குச் சடை பின்னிக்கொண்டே கோலாக் கொட்டைப் பக்கத்தை மறுபடி சொன்னாள். "அதை யாரு கொண்டுபோய்க் குடுப்பாங்க, அத்தை?"

"பேத்திதான். உன்னை மாதிரி சின்னப்புள்ள."

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் அப்பாரு மழையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பதறிவிட்டது. பாக்குக் கொடுக்காமல் பேச்சா! சாமி ரூமுக்கு ஓடி, வெற்றிலைபாக்குத் தட்டை எடுத்துவந்து மாப்பிள்ளையின் அப்பா கையில் வைத்தேன். அவர் கெட்டிக்காரர். சிரித்துக்கொண்டே வாங்கி, தாங்கள் கொண்டுவந்த தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

"புடி அம்மணி. பாக்கு மாத்தியாச்சுங்க, சம்பந்தி!"

எங்கள் பக்கம் பாக்கு மாற்றினால் கல்யாணம் முடிவானது என்று அர்த்தம். காப்பித் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"ஏம் புள்ள, உனக்கு இதை யாரு சொன்னது?" என்றார் அப்பாரு.

"நைஜீரியாத் தாத்தாதானுங்க அப்பாரு. அவரூட்ல பேத்திதான் குடுக்கோணுமாமா."

அப்பாரு இருமல் வரும்வரை சிரித்தார். "அந்தப் பெரிய மனுசரே சொல்லிப்போட்டாரா? அப்பறம் நான் என்னத்தச் சொல்றதுங்க!"

மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது. என் தப்பால்தான் அத்தைக்குக் கல்யாணம் ஆனது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ப்ளஸ் டூ லீவில் அத்தை வீட்டு அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்துப் படித்தேன். லைப்ரரி முத்திரை எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் மாமாவின் பெயர், மாமாவின் கையெழுத்தில், கல்யாணத்துக்கு முந்தின வருஷத் தேதியோடு. தாத்தா வந்தார், கிழங்கு வந்தது, கள் வந்தது. விருந்தாளிக்கு அவரேதான் கோலாக் கொட்டையை எடுத்துவந்து உடைத்தார்.

கடைசிப் பக்கம் வரை தேடினேன். அந்தத் தாத்தாவுக்குப் பேத்தியே இல்லை.