ஏழு மணித் தட்டல்

இந்த நாட்டில் டெலிபோனை எடுப்பவர் முதலில் தன் பெயரைச் சொல்கிறார். நம் ஊரில் எடுத்த எடுப்பில் "யாரு?" என்று அதட்டுவோம், கூப்பிட்டவன்தான் ஊர், பேர், வந்த காரியம் எல்லாம் சொல்லியாக வேண்டும். இங்கே மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் எடுத்து "மெட் ஹெங்க்" என்கிறார்கள். ஹெங்க் பேசுகிறேன் என்று அர்த்தம். நெதர்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் எனக்கு இது படியவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்கிறேன். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும் எனக்கு. "உன் மூச்சு மட்டும்தான் கேட்கிறது, கூப்பிடவே பயமாக இருக்கிறது" என்றாள் கூட வேலை பார்க்கும் மரேய்க்க. பயம் யாருக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

மாஸ் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் இது. பெரிய கணினிகளால் என்னவெல்லாம் முடியும் என்று சிறு தொழில்காரர்களுக்கு எடுத்துச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. படகு கட்டுகிறவர், கண்ணாடிக் கூரைக்குள் தக்காளி வளர்க்கிறவர், ஆற்றோரம் செங்கல் சுடுகிற ஹெங்க், இப்படிப் பலரையும் மாதம் ஒருமுறை கூட்டி, ஒருவர் கற்றதை மற்றவர் காதில் போட வைப்போம். காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் உண்டு. எடுத்தவுடன் டப்பாவை மூடிவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று மரேய்க்க சொல்லியிருந்தாள். "உன் ஊரிலும் இதைத்தானே செய்தாய்? ஒரு வெற்றிக் கதை சொல்." வெற்றிக் கதையாம்.

ஊரில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணினி வாத்தியாராக இருந்தேன். ஆய்வுக்கூடத்தில் நான்கு கணினிகளைக் கம்பியால் இணைத்து, ஒரே கணக்கைப் பிரித்துப் போட வைத்திருந்தேன். அந்தக் காலத்து நெல்லையில் அது பெரிய காரியம். மண்டை கனத்துப்போய், மில்காரர்களிடமும் சூளைக்காரர்களிடமும் போய் நின்றேன். "கம்ப்யூட்டரு நெல்லு அவிக்குமாவே?" என்று கேட்டார்கள். வாத்தியார் சொல்லி வியாபாரி கேட்கமாட்டான், இன்னொரு வியாபாரி சொன்னால்தான் கேட்பான் என்று எனக்குப் புத்தி வர ஒரு வருடம் ஆனது. ஆனால் வியாபாரி வியாபாரியிடம் எதைச் சொல்வான்? எங்கே கொள்முதல், என்ன விலை, ஒன்றையும் வாய் திறக்கமாட்டான். ஒளிக்க முடியாத ஒரே சங்கதி ஆறுதான். தாமிரபரணி ஏறினால் எல்லார் களத்திலும்தான் ஏறும். ஆற்று மட்டத்தை எல்லாரும் சொல்வது, அதை வைத்துத் தண்ணீர் எப்போது எங்கே வரும் என்று என் மெஷின்கள் கணக்குப் போடுவது, பலனைப் பொதுவில் வைப்பது. அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஆற்றங்கரை வட்டம்.

வட்டத்தில் எல்லாருக்கும் மேற்கே இருந்தவர் மைதீன் பாய். சேரன்மாதேவிப் பக்கம் ஆற்றை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டி ரைஸ்மில். காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போன் பண்ணுவார், கடிகாரம் தவறினாலும் பாய் தவறமாட்டார். "தம்பி, படித்துறையில ஒம்போது படி தெரியுது" என்பார். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்பதுதான் எங்கள் அளவு. படி குறைந்தால் வெள்ளம். "சரி பாய்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. கிழக்கே கடைசியில் ஆறுமுகம் அண்ணாச்சியின் செங்கல் சூளை. ஆற்றோரக் குடிசைகளில் அவருடைய வேலையாட்கள் பிள்ளைகுட்டிகளோடு இருந்தார்கள். பாய் பார்க்கிற தண்ணீர் மூன்று மணி நேரத்தில் அவர்கள் வாசலுக்கு வரும். மெஷின் எதற்கு என்று யாராவது கேலி செய்தால் அண்ணாச்சி அந்தக் குடிசைகளைக் கைகாட்டுவார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பயிற்சிக்காகப் பெங்களூர் போனேன். மூன்று வாரம் ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்ததும் வாட்ச்மேன் சொன்னார்: "தெனமும் ஏழு மணிக்கு உள்ள போன் அடிச்சிட்டே கெடக்கும் சார். ஆள் இல்லன்னு தெரிஞ்சும் யாரு சார் அப்படி அடிப்பாக?" பாய்தான், பழக்க தோஷம் என்று சிரித்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு எடுத்தேன். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு டக், டக் என்று மேஜையில் விரலால் தட்டுகிற சத்தம். எண்ணினேன். ஒன்பது. பாய்க்குத் தொண்டை கட்டியிருக்கும் போல என்று "சரி பாய்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு ஒரு நொடி நின்றது. அப்புறம் வைத்துவிட்டார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எட்டுத் தட்டல். "என்ன பாய், இன்னும் குரல் வரலியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஆறுமுகம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "பாய்க்கு மேலுக்குச் சரியில்லையா அண்ணாச்சி? பேச மாட்டேங்காரே" என்றேன்.

"ஏலே, ஒனக்குத் தெரியாதா? பாய் மௌத்தாயி இருவது நாளாச்சேடா. மாரடைப்பு. நாங்கள்லாம் போயி மண்ணு போட்டுட்டு வந்தோம்."

"அப்ப தெனமும் ஏழு மணிக்குப் போன் பண்ணி, பேசாம படிய யாரு அண்ணாச்சி தட்டுதது?"

அண்ணாச்சி தணிந்த குரலில், "பாய்தாம்வே தட்டுதாரு. சொன்ன சொல்லு தவறாத மனுசன்லா" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மதியம் பாய் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். எடுத்தார்கள். "யாரு?" என்றேன். மூச்சு. வைத்துவிட்டார்கள். நேரே அந்த ஊருக்குப் பஸ் ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் விஷயம் தெரிந்திருக்கும். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, எப்படியும் போக வேண்டியவன்தானே நான்? போகவில்லை. செவ்வாய்க்கிழமை துட்டி கேட்கக் கூடாது என்றேன், வெள்ளிக்கிழமை ஆகாது என்றேன். இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம் வேறு. உண்மையைச் சொன்னால், பயம். அந்தப் பயத்தைப் படித்தவன் மாதிரி மூடி மறைத்தேன். என் கணக்கில் ஒவ்வொரு இடத்துக்கும் 'நம்பகம்' என்று ஒரு எண் உண்டு. முழுதாக நம்பினால் ஒன்று, நம்பாவிட்டால் பூஜ்யம். அதுவரை பாய்க்கு மட்டும்தான் ஒன்று கொடுத்திருந்தேன். பேர் சொல்லாதவர் தகவலை அறிவியல் ஏற்காது என்று எனக்கே பிரசங்கம் பண்ணிக்கொண்டு பூஜ்யம் போட்டேன். அதன் பிறகு தட்டல் வந்தால் கேட்பேன், எழுதுவேன், "சரி பாய்" சொல்லமாட்டேன். இறந்தவரிடம் எப்படிச் சரி என்பது?

கார்த்திகையில் மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தது. மூன்றாம் நாள் ஏழு மணிக்கு ஐந்து தட்டல் வந்தது. முந்தின நாள் எட்டு. ஏழே காலுக்கு மறுபடி மணி. நான்கு. ஏழரைக்கு மூன்று. அதுவரை ஒரு நாளும் இரண்டாம் தரம் அடித்ததே இல்லை. மூச்சு இப்போது சீராக இல்லை, இழுத்து இழுத்து வந்தது. அணையில் திறந்துவிட்ட அளவையும் மற்ற இடத்து மட்டங்களையும் வைத்து மெஷின், மதியம்வரை கவலையில்லை என்றது. அது பொய் சொல்லவில்லை. அணைக்குக் கீழே ஒரு பெரிய குளம் உடைந்து ஆற்றில் விழுந்திருந்தது. பாய் வீட்டுப் படித்துறையைத் தவிர வேறு எந்த இடத்துக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

எட்டு மணிக்கு ஆறுமுகம் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, ஆளுகள மேட்டுக்கு ஏத்திரட்டுமா? சுடலை வேண்டாங்கான், சூள வெந்துகிட்டிருக்காம்." சுடலை சூளைக்குத் தீப்போடுகிறவர், நெருப்பை விட்டு நகராத மனிதர். "ஒம் மெஷினு என்ன சொல்லுது?"

"பயமில்லைங்குது அண்ணாச்சி."

"பாய் என்ன சொல்லுதாரு?"

என் கையில் இருந்த தாளில் ஐந்து, நான்கு, மூன்று என்று என் எழுத்திலேயே இருந்தது. "அது கணக்குல இல்ல அண்ணாச்சி" என்றேன்.

ஒன்பதேகாலுக்கு மணி அடித்தது. எடுத்தேன். தட்டல் வரவில்லை. ஒரு பெண்குரல் வந்தது. "தம்பி, தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டு. இனி எண்ணுததுக்குப் படி இல்ல. கீழ இருக்க ஆளுகள போவச் சொல்லுங்க." அதோடு லைன் செத்துப்போனது.

அண்ணாச்சிக்குச் சொன்னேன். அவர் குடிசைகளைக் காலி செய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்தது. பெண்களும் பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள். சுடலை மட்டும் சூளை வாயை அடைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர் வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் கருவேல மரத்தடியில் கிடைத்தார். எட்டு மணிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அடைத்துவிட்டுச் சாவகாசமாக நடந்தே வந்திருப்பார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "மெஷினு என்னவே செய்யும்" என்று அண்ணாச்சி எனக்கே ஆறுதல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளம் வடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கிழமை பார்க்காமல் பாய் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். சுவரில் ஆள் உயரத்துக்குச் சேறு. அக்கம்பக்கத்தார் தோணி கொண்டுவந்து மச்சிலிருந்து அந்த அம்மாவை இறக்கியிருந்தார்கள். அவர் இத்தாவில் இருந்தார். கணவர் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருப்பது. அந்த வீட்டு வழக்கப்படி அந்நிய ஆண் காதில் குரலும் படக்கூடாது. வாசல் திரைக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர், ஒருதரம் உடைந்த கட்டுப்பாடு உடைந்ததுதான் என்று நினைத்தாரோ என்னவோ, அவராகவே பேசினார்.

"ஏழு மணி தவறக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் அவுக கண்ண மூடுனாக. பேசக்கூடாதே, அதான் தட்டுனேன்."

"நான் நம்பல அம்மா" என்றேன்.

"மொத ரெண்டு நாளும் 'சரி பாய்'னீக. அவுக உசுரோட இருக்காப்ல இருந்துச்சு எனக்கு. அதுக்காவவே ஏழு மணி எப்ப வரும்னு இருப்பேன். பொறவு ஏன் தம்பி சொல்லல?"

அடுத்த வருடம் இந்த நாட்டுக்கு வேலை கிடைத்தது, ஓடி வந்துவிட்டேன்.

இங்கே கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். "ஆக, பெயர் தெரியாத தகவலுக்கு எவ்வளவு நம்பகம் கொடுப்பது என்பதுதான் சிக்கல், இல்லையா?" என்று மரேய்க்க குறித்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஹெங்க் மட்டும், "அந்த அம்மாவுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

போன வாரம் மாஸ் ஏறியது. என் அறையில் இருக்கிற கணினி, ஊரில் நான் வைத்திருந்ததைப் போல நூறு பங்கு. ஆற்றில் அளவுகோல்கள் தாமாகவே மட்டத்தைச் சொல்கின்றன. ஹெங்க்கின் சூளைக்கு ஆபத்தில்லை என்று அது சொன்னது, இரண்டாம் தரம் கேட்டும் அதையே சொன்னது. அன்று காலை ஏழு மணிக்கு என் டெலிபோனில் யாரோ பேசாமல் மூன்று தரம் தட்டினார்கள். நான் ஹெங்க்கைக் கூப்பிட்டு ஆட்களை மேட்டுக்கு ஏற்றச் சொன்னேன்.

"கணினி சொல்கிறதா?" என்றார்.

"இல்லை. மேலே, ஆற்றோரத்தில் ஒரு வீட்டிலிருந்து சொன்னார்கள்."

அவர் யோசித்தார். "மேலே எங்கே? பத்துக் கிலோமீட்டருக்கு வெறும் புல்வெளிதானே. அங்கே வீடே கிடையாதே?"

"இருக்கிறது ஹெங்க்" என்றேன். "நீங்கள் ஆட்களை ஏற்றுங்கள்."