வீட்டில் கூப்பிடும் பெயர்

கோமுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு காலத்தில் எனக்குக் கோபம்தான் வரும். 1992-ல் அவள் அந்தக் கம்ப்யூட்டரோடு வந்து சேராமல் இருந்திருந்தால், பாளையங்கோட்டையில் டாக்டர் ஸ்வாமிநாதனின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இஸ்ரவேலாகவே நான் காலத்தை ஓட்டியிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் அந்த மேஜை எனக்குச் சொந்தம். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கை தானாகப் போகும். அந்தக் கைக்கு வேலையில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவளை எப்படிப் பிடிக்கும்?

அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பி.எஸ்ஸி. இயற்பியல், அதற்கு மேல் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பு. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் இவள் மட்டும் ஊரோடு நின்றுவிட்டாள். பிள்ளைகளின் வைத்திய விவரம் முழுவதையும் ஏற்றி வைக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று டாக்டர் கேட்க, இவளே உட்கார்ந்து எழுதினாள். நாலு மாதம். மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து ஓடுவாள். பிறகு எனக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். நான் ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் குத்துவதைப் பார்த்து, "பைய அடிங்க அண்ணாச்சி, அது எங்கனயும் ஓடிப் போயிராது" என்று சிரிப்பாள்.

அவள் அப்பா நமச்சிவாயம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். தாமிரபரணிக் கால்வாய்களில் அவர் நின்று கட்டிய மதகுகள் ஏழெட்டு உண்டு. "நான் கட்டுனதுல இன்னைக்கும் தண்ணி போகுது. நீ கட்டுததுல கரண்டு போனா எல்லாம் போயிருமேட்டி" என்று மகளைச் சீண்டுவார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அது அவளுக்குள் தைத்திருந்தது. ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "பத்து வருஷம் கழிச்சு நான் செஞ்சதுல ஏதாவது இருக்குமா அண்ணாச்சி?"

"அந்தப் பொட்டியே இருக்காதே" என்றேன். மனசு நோகட்டும் என்றுதான் சொன்னேன்.

மறு வருஷம் மாசி மாதம். சீவலப்பேரியிலிருந்து ஒருத்தி ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல், தொண்டை வீக்கம். பிள்ளையின் பெயர் கேட்டேன். செல்வி என்றாள். ஊரையும் பெயரையும் அடித்தேன். அப்படி யாரும் இல்லை என்றது திரை. பிள்ளையின் முகம் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. பழைய நாளாக இருந்தால் எழுந்து போய் நாலு தட்டைக் கிளறியிருப்பேன். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. எல்லாம் தெரிந்த கம்ப்யூட்டரே இல்லை என்கிறது, எனக்கென்ன வந்தது என்ற வீம்பு. புதுச் சீட்டுப் போட்டு உள்ளே அனுப்பினேன்.

டாக்டர் பெனிசிலின் எழுதினார். முதலில் சோதித்துப் பார்க்கக் கையில் துளி மருந்து போட்டார்கள். அந்தத் துளிக்கே உடம்பெல்லாம் தடித்து, பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஓடி வந்து மாற்று ஊசி போட்டார். மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரம் நான் செய்த ஜெபத்தை அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

சாயங்காலம் பிள்ளையின் தகப்பன் வந்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த நேரம், இதே பிள்ளையை அவன்தான் இங்கே கொண்டுவந்தானாம். அப்போதும் இதே ஊசி ஒத்துக்கொள்ளவில்லையாம். பிள்ளை பெற்றுக் கிடப்பவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லாமலே விட்டுவிட்டானாம்.

"அப்போ என்ன பேரு குடுத்தீங்க?" என்று கோமு கேட்டாள்.

"ஆவுடையம்மாள்னு குடுத்தேன். அதான பேரு? எங்கம்மா பேரு."

தேடினாள். ஆவுடையம்மாள், சீவலப்பேரி, பெனிசிலின் கூடாது. எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தது. தாயிடம் திரும்பி, "நீங்க ஏன்க்கா இந்தப் பேரைச் சொல்லல?" என்றாள். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமியா பேரை நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம்தான் இது. பிள்ளைகளுக்குத் தாத்தா, ஆச்சி பெயரை வைப்பார்கள். மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். ஆகவே அவள் கூப்பிட இன்னொரு பெயர் வேண்டும். வேதக்காரர்கள் நாங்களும் இப்படித்தான். என் மனைவி எங்கள் மூத்த மகனின் ஞானஸ்நானப் பெயரை இதுவரை ஒரு தடவை சொன்னதில்லை. தகப்பன் வந்தால் ஒரு பெயர், தாய் வந்தால் வேறு பெயர். சீட்டுக் காலத்தில் முகம் பார்த்துச் சமாளித்தோம். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது.

கோமு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சர்டிபிகேட்டில் இருப்பது உலகம்மாள். அப்பாவைப் பெற்றவளின் பெயர். கோமு என்பது அவள் அம்மா கூப்பிடுவதற்காக வைத்தது.

"எங்கம்மா என்னை ஒரு நாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எனக்கே ரெண்டு பேரு. நான் எப்படி அண்ணாச்சி மறந்தேன்?" என்று அழுதாள். நான் முகம் தெரிந்தும் எழுந்து தேடாமல் இருந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ரெண்டு பேருமா சேர்ந்து சரி பண்ணுவோம்" என்றாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் போனதுதான்.

அடுத்த வாரமே திரையில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. 'வீட்டில் கூப்பிடும் பெயர்.' இரண்டில் எதைச் சொன்னாலும் பிள்ளையின் விவரம் கிடைக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் மேற்கொண்டு நகர முடியாதபடியும் செய்துவிட்டாள். பழைய சீட்டு ஆறாயிரத்துக்கும், வருகிற தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினோம். முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகப் பதிந்திருந்தது நூற்று நாற்பது. அதில் பதினோரு பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாது. 

1997-ல் கோமுவுக்குக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை நிச்சயமானது. அதே சமயம் டாக்டரின் அக்கா மகன் ஸ்ரீவத்ஸன் சென்னையிலிருந்து வந்தான். அவன் கம்பெனி பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே மாதிரி புரோகிராம் போட்டுக் கொடுக்கிறது. இரண்டாயிரம் பிறந்தால் கோமுவின் புரோகிராம் வருஷத்தைத் தப்பாகக் கணக்கிடும், எடுத்துவிடலாம் என்றான். அவளும் சரி என்றாள். "என்னோடது போனா போகட்டும் சார். அந்த ஒரு கட்டத்தை மட்டும் உங்களோடதுல வச்சிருங்க."

"பேக்கேஜ்ல அதுக்கு இடமே இல்ல மேடம். ஒரு ஆளுக்கு ஒரு பேர்தான். அம்மாகிட்ட கரெக்டான பேரைச் சொல்லச் சொல்லுங்கோ, அவ்வளவுதான்."

கோமுவுக்கு முகம் சிவந்தது. அவள் ஊரைவிட்டுப் போன பிறகு மறுபடியும் ஒரு ஆவுடையம்மாள் செல்வியாக வந்து நிற்பாள். இந்த முறை பிழைப்பாள் என்று யார் சொல்வது? "நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் அண்ணாச்சி சேர்ல நீங்க உக்காந்து பாருங்க சார்" என்றாள்.

ராத்திரியே பிள்ளைகளின் விவரத்தையெல்லாம் ஒரே பெயருக்கு இடமுள்ள தன் புரோகிராமில் ஏற்றிக்கொண்டு, காலையில் வந்து உட்கார்ந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ, விக்கிரமசிங்கபுரத்துப் பெண் ஒருத்தி இளைப்பு வந்த மூன்று வயதுப் பிள்ளையோடு நின்றாள். ராசா என்று பெயர் சொன்னாள். அப்படி யாரும் இல்லை. புதிதாகப் பதியப் போனான். கோமு குறுக்கே, "பள்ளிக்கூடத்துல சேக்கப் போற பேரு என்னக்கா?" என்றாள். பெண் நெளிந்தாள்.

"எங்க மாமனாரு பேரு. பாபநாசத்துக்கு மேல காட்டுக்குள்ள இருக்காருல்லா, அந்த அய்யனாரு பேரு சார்."

சென்னையில் வளர்ந்தவனுக்கு எந்த அய்யனார் என்று என்ன தெரியும்? விழித்தான். வரிசையே சேர்ந்து குரல் கொடுத்தது: "சொரிமுத்து!" அடித்தான். சொரிமுத்து வந்தான். இரண்டு வருஷ இளைப்பும், கொடுத்த மருந்தும், கொடுக்கக் கூடாத மருந்தும் திரையில் வரிசையாக வந்தன. ஸ்ரீவத்ஸன் கோமு பக்கம் திரும்பினான்.

"எத்தனை பேருக்கு இப்படி மேடம்?"

"எங்க ஊருல பாதிப் பேருக்கு சார்."

மத்தியானமே சென்னைக்குப் போன் பண்ணி அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னான். நல்ல பையன், வீம்பு பிடிக்கவில்லை. கோமு தன் கையாலேயே தன் புரோகிராமை அழித்தாள். திறந்ததும் கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர் வரும். அதுவும் போயிற்று. "போயிட்டு அண்ணாச்சி" என்று சிரித்தாள், கண் கலங்கித்தான். எனக்கும் தாங்கவில்லை.

போன மாதம், 1999 நவம்பரில், ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. கோமுதான். ஒரு வயது மகளுக்குத் தடுப்பூசி போடக் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பதிவு மேஜையில் இருந்த சின்னப் பெண் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு, "வீட்ல கூப்புடற பேருங்க்கா?" என்று கேட்டிருக்கிறாள்.  இதை எதற்குக் கேட்கிறீர்கள் என்று கோமு விசாரித்தாளாம். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"தெரியலீங்க்கா. அதைப் போட்டாத்தான் அடுத்த பக்கமே வருது."

போனில் கோமு சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் மாறி மாறிக் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அது நீ செஞ்சதுன்னு அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"இல்ல அண்ணாச்சி," என்றாள். "எனக்குப் பின்னால பெரிய வரிசை நின்னுச்சு."