துண்டுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். அதுவும் பழைய கம்ப்யூட்டர்களைப் பொறுக்கிச் சேர்க்கிற மடையன். நாமக்கல்லில் மற்றவர்கள் கோழி வளர்க்கிறார்கள். நான் தூசி வளர்க்கிறேன்.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கிறார். சேலைக்கு டிசைன் போடுவதும் அவர்தான். அதற்கான சாஃப்ட்வேர் ஓர் அரதப் பழசான கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அதன் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும், பெட்டியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல என்னிடம் தூக்கிவந்துவிட்டார். கல்யாண ஆர்டர் ஒன்றுக்குக் கேட்டிருந்த பழைய மயில் பார்டர் அதற்குள் மட்டும்தான் இருந்தது. தறி சும்மா நின்றது. டிஸ்க் உயிரை விடுவதற்குள் வேறொன்றில் நகல் எடுத்தாக வேண்டும்.

என்னிடம் அதே காலத்து டிஸ்க் இரண்டு இருந்தன. ஒன்றின் மேல் கம்ப்யூட்டர் கம்பெனியின் லேபிள். மற்றதில் டிஸ்க்கைத் தயாரித்த கம்பெனியின் பெயர். இங்கேதான் எனக்கு அருள் வந்தது. கம்ப்யூட்டர்காரன் தன் பெயரைப் போட்டிருக்கிறான் என்றால் அது பொறுக்கியெடுத்த சரக்கு, ஓடுகிற சத்தமே தனி, கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்லிவிடுவேன் என்று அளந்துகொண்டே போனேன்.

மச்சான் எழுந்து வந்தார். என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்கவைத்தார். இரண்டையும் தன் துண்டால் மூடி, ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்தார். நான் குனிந்து துண்டின் மேல் காதை வைத்து, நாடி பார்க்கிற வைத்தியனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

“இதுதானுங்க மச்சான். பட்டாட்டம் ஓடுது பாருங்க.”

துண்டை விலக்கினார். கம்ப்யூட்டர் கம்பெனி லேபிள் இல்லாதது. முதலில் ஃபேன் சத்தத்தின் மேல் பழியைப் போட்டேன், பிறகு துண்டின் மேல். அதற்குள் அவர் மற்றதன் லேபிளை நகத்தால் மெதுவாக உரித்துவிட்டார். அடியில் அதே தயாரிப்பாளரின் பெயர், அதே மாடல்.

“நாம பண்றதுதானுங்க மாப்ள இதுவும். நெய்யறது நாம, லேபிளு கடைக்காரனுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டில் கைக்கு வந்ததை மாட்டி நகலெடுக்க ஆரம்பித்தேன். பழைய டிஸ்க் கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கடைசி ஃபைல் ஏறி முடிந்த கையோடு பழசு அடங்கிப்போனது. அப்புறம் அதை எழுப்ப யாராலும் முடியவில்லை.

நகலைத் திறந்தோம். திரை நிறைய மயில் பார்டர். மச்சானைக் கட்டிப்பிடித்து அந்தத் தூசிக்குள் ஓர் ஆட்டமே போட்டேன். சுற்றி வந்து மறுபடி திரையைப் பார்த்தபோதுதான் கால் நின்றது. பின்னால் திரும்பிப் பார்க்கிற மயில், அலகில் ஒரு மொட்டு. போன தீபாவளிக்கு சேலத்தில் பெரிய கடை ஒன்றில் என் மனைவிக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் அதே மயில். கடை லேபிளைத் தூக்கிக் காட்டி, உங்கண்ணன் தறியில் இப்படி ஒன்று வருமா என்று அவளிடம் நான் கேட்டதும் நினைவுக்கு வந்தது.

மச்சான் மும்முரமாகப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மனைவி டீயோடு வந்தாள். திரையைக் காட்டி, இது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன்.

“சேலையக் கட்டுன அன்னிக்கே தெரியுமுங்க.”