ஊர் கேட்டு விசாரித்த ஏட்டையா

ஏட்டு சத்தியதாஸின் கதையை யார் சொன்னாலும் அவர் சொல்கிற மாதிரி வராது. தன்னைக் கேலி செய்துகொள்வதில் அந்த மனிதரை மிஞ்ச ஆள் கிடையாது. "நான் பெரிய கெட்டிக்காரனாக்கும்னு நெனச்சுக்கிட்டு நடந்த காலம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

குழித்துறைப் பக்கத்தில் பிறந்து, திருவிதாங்கூர் போலீசில் சேர்ந்து, 1934இல் தம்பானூருக்கு அருகே ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தார். பிடிபட்டவனை அடிக்க மாட்டார். கருணை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அடி கொடுத்தால் மூன்று நாள் அவருடைய தோளுக்குத்தான் எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது. அதனால் பேச்சைப் பிடித்துக்கொண்டார். எவன் வந்தாலும் முதலில் ஊர் கேட்பார். அப்புறம் தெரு, சர்ச்சு அல்லது கோயில், பெண் கொண்டது கொடுத்தது என்று போய், நாலாவது வெற்றிலைக்குள் எப்படியாவது ஓர் உறவுமுறையைக் கண்டுபிடித்துவிடுவார். உறவுக்காரனிடம் எவன் பொய் சொல்வான்? ஆறு கேஸ் அப்படித்தான் துலங்கியது. மனைவி எலிசாள் மட்டும், "ஒங்க வாயிலேருந்து தப்பிக்கத்தான் அவனுவ ஒத்துக்கிடுதானுவ" என்பாள். அவளுக்குப் பொறாமை என்று ஏட்டு நினைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு வக்கீலின் தங்கக் கடிகாரம் காணாமல் போயிற்று. அவருடைய வில்வண்டி ஓட்டுகிற வேதமாணிக்கத்தைப் பிடித்து வந்தார்கள். நாலு மணிக்குள் உண்மை வராவிட்டால் ஆளைப் பிரம்போடு நிற்கிற கான்ஸ்டபிளிடம் விட்டுவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். வேதமாணிக்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்தியதாஸ் அவனுக்குக் கருப்பட்டிக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"எந்த ஊருடே?"

"அருமனை, ஏட்டையா."

"அட! எனக்க வீட்டுக்காரிக்கும் அருமனைதாம்டே. அப்போ நீ எனக்கு மச்சினன்லா! அத்தான்னு கூப்பிடு."

வண்டிக்காரன் முகத்தில் உயிர் வந்தது. மூன்று மணி நேரம் பேசினார்கள். அருமனைச் சந்தை, எலிசாளின் அப்பா, அவர் விழுந்த பனை, எல்லாம் வந்தது. நடுநடுவே கடிகாரமும் வந்தது. அவன் ஒவ்வொரு முறை "இல்ல அத்தான்" என்றபோதும் சத்தியதாஸ் பெருமூச்சு விட்டு முகத்தைத் தொங்கப்போட்டார். அதிலும் அவர் கைதேர்ந்தவர். கடைசியில் வேதமாணிக்கம் தலையைக் குனிந்து, "சரி அத்தான். நான்தான் எடுத்தேன்" என்றான்.

ஆகா! ஏட்டுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே இன்ஸ்பெக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். பிறகுதான், இவ்வளவு பெரிய மேதாவி அதுவரை கேட்க மறந்திருந்த அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்டார்.

"கடியாரத்த எங்கடே வச்சிருக்க?"

வேதமாணிக்கம் யோசித்தான். அவர் முகத்தையே பார்த்தான். "எங்க வச்சேன்னு சொன்னா அத்தானுக்குச் சௌகரியம்?"

சத்தியதாஸ் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "அப்போ நீ எடுக்கவே இல்லியா? பின்ன எதுக்குடே எடுத்தேன்னு சொன்ன?"

"எத்தர தடவ கேட்டிய! இல்லன்னு சொல்லச் சொல்ல ஒங்க மொகம் வாடிப்போச்சு. காப்பி வேற வாங்கித் தந்திய. பொறுக்கல்ல அத்தான்."

அந்த ஆறு கேஸும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து நின்றன. அவற்றில் எத்தனை பேர் அவர் முகத்துக்காக உள்ளே போனார்களோ! வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. இன்ஸ்பெக்டரிடம் போய், "இவன் எடுக்கல்ல சார். நான் சொல்ல வச்சிட்டேன்" என்றார். இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிக் கத்தினார். பிரம்புக்காரனைக் கூப்பிட வாயெடுத்தார். அவனைத் தொட்டால் வக்கீலிடமும் கோர்ட்டிலும் நானே இதைச் சொல்லுவேன் என்று ஏட்டு கைகட்டியபடியே சொன்னார். அதோடு பிரமோஷனும் போயிற்று, விசாரணை வேலையும் போயிற்று. வேதமாணிக்கத்தை மட்டும் விட்டார்கள்.

அவன் நடந்ததையெல்லாம் வராந்தாவில், இன்ஸ்பெக்டர் அறைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். ஸ்டேஷன் படியில் இறங்கியவன் திரும்பி வந்தான்.

"அத்தான், என்னால ஒங்களுக்குக் கேடு வரப்பிடாது. நான் எடுத்ததாவே இருந்துட்டுப் போட்டும்."

வாழ்நாளில் எந்தக் கைதியையும் அதட்டாத சத்தியதாஸ் அன்றைக்குத்தான் தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்.

"வீட்டுக்குப் போடே, மடையா!"

கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள உள்ளே போனார்.