லெட்சுமணன் பாஸ் சொன்ன இரண்டில் ஒன்று

பூண்டுலோயாவிலிருந்து ஒரு பெக்கோ ஒப்பரேட்டர் காலையில் அழைத்தபோது, வழக்கம்போல ஏதோ சென்சர் கேட்கப்போகிறார் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஹட்டன் பஜாரில், மண் தோண்டும் பழைய பெக்கோ வண்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை என்னுடையது. வேறு எதற்கும் யாரும் என்னை அழைப்பதில்லை. "அக்கா, பாஸ் போயிட்டாருங்க" என்றார். "எங்க போனாரு? வண்டி வேல முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். "வண்டி முடியலங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சிருச்சு" என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. எந்த மாடல் என்று எழுதிக்கொள்ளப் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

லெட்சுமணன் அண்ணனைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் வயரிங் பாஸ்; கைத்தொழில் தெரிந்த மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். ஜப்பானில் உழைத்து ஓய்ந்து இங்கே வந்து சேரும் பெக்கோக்களின் என்ஜினில் எந்தச் சென்சர் எதற்காகக் குறை சொல்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். வாரத்தில் மூன்று நாளாவது என் கடைக்கு வருவார், பால் விடாத பிளேன்டி குடிப்பார், ஒரு சென்சர்கூட வாங்கமாட்டார். வாங்க வந்தவர்களையும் "மொதல்ல வயரப் பாப்போம்" என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். என் வியாபாரத்தை அவரளவுக்குக் கெடுத்தவர் யாருமில்லை. அவர் உட்காரும் முக்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவேன் என்று நான் மிரட்டாத வாரமில்லை. அது இன்னும் வாசலோரம்தான் கிடக்கிறது.

கந்தப்பளையில் ஒருவருடைய வண்டிக்கு என்னிடம் வாங்கிய சூட்டுச் சென்சரை இரண்டு தடவை மாற்றியும் குறை தீரவில்லை. என் சாமான்தான் பழுது என்று அந்த ஆள் சொன்ன கோபத்தில் அண்ணனோடு நானும் வேனில் ஏறிப் போனேன். பனி விலகாத காலை. அப்போதுதான் ஸ்டார்ட் செய்த என்ஜின். திரையிலோ கொதிக்கிற சூடு. அண்ணன் என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று கிடந்தது. பிறகு சென்சரின் பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப பாருங்க" என்றார். சென்சரோடு தொடர்பே இல்லை. திரையில் அதே சூடு. ஆளில்லாத வீட்டில் பேச்சுக்குரல் கேட்ட மாதிரி எனக்குக் குழம்பிப் போயிற்று. அவர் வயரைத் தடவிக்கொண்டே போய், கெபினுக்குக் கீழே அதன் தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினார். "சென்சரு சாட்சி, தங்கச்சி. வயரு தரகரு. சாட்சி ஒன்னு சொல்லும், தரகரு வேற ஒன்னு சொல்லுவாரு. நம்மாளுங்க சாட்சியப் புடிச்சு அடிக்கிறாங்க" என்றார். இந்தப் பேச்சு மலை முழுக்கப் பரவியது. சென்சர் கேட்டு வருகிறவர்கள் என்னிடமே அதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொல்வார். அது அவ்வளவாகப் பரவவில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரோட்டு வேலை நடந்தபோது வண்டியில் ஒயில் பிரஷர் விளக்கு எரிந்து அலாரம் அடித்தது. "வயராத்தான் இருக்கும் பாஸ். அலாரத்த மட்டும் கட் பண்ணி விடுங்க, வேல கெடக்கு" என்றார் ஒப்பரேட்டர். அண்ணன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒயில் பிரஷர்னா மொதல்ல நிப்பாட்டு. சந்தேகத்த அப்பறம் படலாம்." கடையிலிருந்து, வயரில்லாமல் நேரே பிரஷர் காட்டும் முள் வைத்த கேஜ் ஒன்றை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சென்சரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை முடுக்கி ஓட்டிப் பார்த்தார். பிரஷர் சரியாகவே இருந்தது, குறை வயரில்தான். ஒரு நாள் வீணாகப் போனதாக வண்டிக்காரர் முணுமுணுத்தார். "நாளுதானே போச்சு, என்ஜின் போகலயே" என்று சொல்லிவிட்டு அண்ணன் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் இறப்பதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். பிளேன்டி வேண்டாம் என்றார். ஹட்டன் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பையிலிருந்து ஈ.சி.ஜி. தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். டிஸ்பென்சரி டொக்டர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் கோடுகளின்மேல் விரலை ஓட்டி, "கிளிப்பு சரியாப் புடிக்கல தங்கச்சி. நெஞ்சு பூரா முடி. எங்கயோ கனெக்‌ஷன் லூசு" என்றார். நான் சிரித்தேன். "அப்ப சாட்சி நல்லவரு, தரகருதான் பொய்யா அண்ணே?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பூண்டுலோயாவில் வண்டி நிற்கிறது, முடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போய்விட்டார். தாளை என் மேசையிலேயே மறந்துவிட்டார்.

அதைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளிப் உண்மையிலேயே லூசாக இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருந்திருந்தால்தான் என்ன? ஒயில் பிரஷர் விளக்குக்கு ஒரு முழு நாளை விட்டுக்கொடுத்த மனிதர், தன் நெஞ்சுக்கு ஒரு நாளைக் கொடுக்காமல் ஏன் பஸ் ஏறினார்? அந்த நேரத்தில் எனக்கு ஏன் அந்தக் கேஜ் ஞாபகம் வரவில்லை? யார் எந்தச் சாமானைக் கேட்டாலும் அலமாரியில் சரியான பெட்டியை எடுப்பவள் நான். அவர் சொல்லிவந்த இரண்டு பேச்சில் தப்பானதை அன்று எடுத்து அவரிடமே நீட்டினேன்.

எட்டாம் நாள் காரியத்தன்று அண்ணியிடம் தாளைக் கொடுத்து, நான் சிரித்ததையும் சொன்னேன். அண்ணி வெகுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "யாரு சொன்னாலும் கேட்க மாட்டாரும்மா" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது அது. அண்ணன் யார் பேச்சைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தன் பேச்சைத் தானே கேட்பார். அதை எடுத்துச் சொல்ல அன்று அங்கே இருந்தது நான் ஒருத்திதான்.

இப்போது யார் அழைத்தாலும், எந்தச் சென்சர் என்று கேட்பதற்கு முன்னால், என்ஜினை நிறுத்தினீர்களா என்றுதான் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். நேற்று அந்தப் பூண்டுலோயா ஒப்பரேட்டர் அழைத்தார். வயராகத்தான் இருக்கும் என்று ஆரம்பித்தார். "இருக்கட்டும். மொதல்ல நிப்பாட்டுங்க" என்றேன்.

"பாஸ் மாதிரியே பேசுறீங்க அக்கா" என்றார்.

பாஸிடம் பேசியிருக்க வேண்டிய பேச்சு அது.