இடது காதும் ஆயிரம் வருஷமும்

என் வீட்டுக்காரரின் முதல் மனைவி இறந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அவள் திரும்பி வரப்போகிறாள் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. அதை அவருக்குச் சொன்னதும் நான்தான். என் வாயாலேயே, அவருடைய காதிலேயே. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டினார். அந்த இரைச்சலில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதை வைத்துத்தான் பிழைப்பு. கோயிலானாலும் பஸ்ஸானாலும் கல்யாண வீட்டுப் பந்தியானாலும் அவருக்கு வலப்பக்கம்தான் நான் உட்காருவேன். யாராவது மெதுவாகப் பேசினால் திருப்பிச் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல், முத்தையாபுரத்தில் எங்கள் அடுத்த தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் வேதபாடத்துக்கு, அதாவது பைபிள் வகுப்புக்கு, போக ஆரம்பித்தார். நடத்துகிறவர் ஒரு பழைய வாத்தியார். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நல்ல மனுஷர், ஆனால் கொசு பறக்கிற குரல். அதனால் நானும் கூடவே போக வேண்டியதாயிற்று.

அண்ணாச்சி சுவரில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று மாட்டியிருந்தார். ஒரு முனையில் ஏதேன் தோட்டம், மறு முனையில் பொன் நகரம், நடுவே கட்டம் கட்டமாகக் காலங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம். அதுதான் ஆயிர வருஷ அரசாட்சி. கிறிஸ்து இறங்கி வருவார், சாத்தானைக் கட்டிப் பாதாளத்தில் போட்டுப் பூட்டுவார்கள், எக்காளம் ஊதும், அந்தச் சத்தத்தில் விசுவாசத்தில் மரித்தவர்கள் எழுந்து அவரோடுகூட ஆயிரம் வருஷம் ஆளுவார்கள். அண்ணாச்சி குச்சியை வைத்துக் காட்டக் காட்ட, நான் வரி வரியாக என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

“எங்க வச்சு?” என்றார் அவர்.

“இங்கனதான், பூமியிலதானாம்” என்றேன்.

அதைச் சொல்லும்போதே எனக்கு எங்கேயோ இடித்தது. பரலோகம் என்றால் எனக்குப் பயமில்லை. மேலே எங்கேயோ, வெள்ளை அங்கி போட்ட பெரிய கூட்டம், பாட்டு. அந்தக் கூட்டத்தில் யார் யாரைத் தேடிக் கண்டுபிடிப்பது? ஆனால் இது பூமி. வீடு கட்டிக் குடியிருப்பார்களாம், தோட்டம் போட்டுப் பழம் சாப்பிடுவார்களாம். வீடு என்றால் அடுக்களை உண்டு. அடுக்களை என்றால் அங்கே நிற்பது யார்?

அன்றைக்கு வீட்டில் இடியாப்பத்தைப் பிட்டு வாயில் வைத்தவர், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். “ஏளா, அப்படின்னா அவளையும் பாப்போம்லா.”

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அவருக்கு அவளோடு ஐந்து வருஷம். என்னோடு இருபத்து மூன்று. அவர்களுடைய கல்யாணப் போட்டோவில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். எங்கள் போட்டோவில் ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி நிற்கிறார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்கும் வயது முப்பது ஆகியிருந்தது. தெரிந்துதான் சரி சொன்னேன். அந்தக் குழந்தையை வளர்த்தேன், படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன். அவள் என்னைத்தான் அம்மா என்கிறாள். அந்த மஞ்சள் கட்டத்தில் அவள் யாரை அம்மா என்பாள்? அதற்கு ஃப்ளெக்ஸில் ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாசரேத் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அவள் இறந்தபோது இரட்டைக் கல்லறை கட்டினார். ஒரு பாதியில் அவள். மறு பாதி காலி. தலைமாட்டுக் கல்லில் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே இவர் பெயர், பிறந்த தேதி, ஒரு கோடு, அப்புறம் வெறுங்கல். துக்கத்தில் செய்தது. அடுத்த இரண்டாம் வருஷமே எனக்கு மாலை போடுவோம் என்று அவருக்குத் தெரியுமா என்ன? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முந்தின நாள் நானும் போய் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறேன். என் புருஷன் பெயரை என் கையால்தான் தேய்க்கிறேன்.

என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கிற சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். கப்பல் சரக்குக்கு பில் போடுகிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. அவள் திரேஸ்புரத்துக்காரி, கத்தோலிக்கப் பெண். டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கல்லுல பேரு அவ பக்கத்துலல்லா இருக்கு! பில்லுல யாரு பேரோ அவியளுக்குத்தான் டெலிவரி. உனக்கு ஒண்ணும் கெடையாதுளா.”

“சிரிக்காத. எரிச்சலா வருது.”

“சரி, ஆயிரம் வருஷம் இருக்குல்லா? ஐந்நூறு அவளுக்கு, ஐந்நூறு உனக்கு. சண்டை போடாம பிரிச்சுக்கோங்க.”

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே இறங்கி வந்தாள். “எங்க சாமியாரு அப்படியெல்லாம் கணக்குப் போட மாட்டாரு. ஆயிரம்னா ரொம்பக் காலம்னு அர்த்தமாம். சேசு உயிர்த்ததுலேர்ந்து அந்த ராஜ்யம் நடந்துக்கிட்டுதான் இருக்காம். இப்பமே.”

இப்பமேவா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். லாரி வரிசை, நிலக்கரித் தூசி, மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவள், அவளிடம் சத்தம் போடும் கண்டக்டர். இதுதான் அரசாட்சி என்றால் சாத்தானைக் கட்டிய கயிற்றை யாராவது ஒரு முறை சரிபார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு நிம்மதி வந்தது. இப்போதே நடக்கிறது என்றால் அந்த ராஜ்யத்தில் அவர் பக்கத்தில் இருப்பது நான்தானே!

அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரைதான். ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை ஐயரிடம் போனேன். குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். சின்ன வயது, பொறுமைசாலி. உயிர்த்தெழுந்தவர்கள் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, தூதரைப் போல இருப்பார்கள் என்றார். ஏழு அண்ணன் தம்பிகளை ஒருத்தி அடுத்தடுத்துக் கட்டிய கதையை வைத்து ஆண்டவரிடமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

“அப்பம் நான் அவருக்கு யாரு, ஐயா?”

“சகோதரிதாம்மா.”

“அவ?”

“அவங்களும் சகோதரிதான்.”

இருபத்து மூன்று வருஷம் மீன்குழம்பு வைத்துப் போட்டதற்கு சகோதரி! மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் மண்டை காய்ந்தது. அவள் மனைவியாக வந்தால் எனக்கு இடமில்லை. யாரும் யாருக்கும் மனைவி இல்லை என்றாலும் எனக்கு இடமில்லை.

மறு வெள்ளிக்கிழமை அண்ணாச்சியையே பிடித்துக்கொண்டேன். அவர் குச்சியை எடுத்து ஃப்ளெக்ஸில் ஒவ்வொரு கட்டமாக வைத்துத் தேடினார். பாவம், நாற்பது வருஷம் பாடம் நடத்திய மனுஷர், பதில் தெரியாத கேள்வியை இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது.

“தங்கச்சி, அங்கன நோய் கெடையாது. செவிடு, குருடு, முடம் ஒண்ணும் கெடையாது. எல்லாருக்கும் மகிமையின் சரீரம். கண்ணீரே இருக்காது. பெறகு எதுக்குக் கவலைப்படுதிய?”

நல்ல செய்திதான். கூட உட்கார்ந்திருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். எனக்கு மட்டும் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. வீட்டுக்காரர் காதில் அதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. முதல் தடவையாக ஒரு வரியை விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆயிரம் வருஷத்தை யோசிக்க நேரமில்லாமல் போயிற்று. மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, மதுரையில் ஆபரேஷன், ஈஸ்டருக்கு அடுத்த வாரம் என்று முடிவாயிற்று. மாத்திரை டப்பா, உப்பில்லாத குழம்பு, ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஓடினேன். போக வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், பெரிய வெள்ளிக்கு மறுநாள் கல்லறை கழுவ ஊருக்குப் போயே தீருவேன் என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். ஆளாளுக்கு வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையுமாக, அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நான் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தேன். அவர் பக்கத்துக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏளா. மதுரையில எனக்கு ஏதும் ஒண்ணு ஆயிட்டுன்னா, எங்க வைக்கணும்னு நீ சொல்லு. நீ சொல்லுதபடிதான் செய்யணும்னு மவகிட்டயும் சொல்லிட்டேன்.”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பல வருஷமாகப் பதில் தயாராக இருந்தது. தூத்துக்குடியில், நம்ம சபைக் கல்லறையில், பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு. மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

“இங்கனயே. அவ தனியாத்தான கெடக்கா.”

சொல்லிவிட்டு எனக்கே கோபம். யாரைக் கேட்டு இந்தத் தாராளம்? அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார். கனமாகத் தூக்க வேண்டாம், பாதி வாளி போதும் என்று பின்னாலிருந்து கத்தினேன். எந்தக் காதில் விழுந்ததோ!

அவர் போன பிறகு கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, அவர் எப்படிப் படுப்பார் என்று பார்த்தேன். அவள் இருப்பது அவருக்கு இடப்பக்கம். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிப்பாவி, நீ எழுந்து கூப்பிட்டால் இந்த மனுஷனுக்குக் கேட்காதே! நீ இருந்தபோது இரண்டு காதும் நன்றாக இருந்தன. உனக்குத் தெரியாது. தட்டித்தான் எழுப்ப வேண்டும். இதையெல்லாம் அவளிடம் வாய்விட்டே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், அண்ணாச்சி சொன்னதில் எது என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தது. அங்கே செவிடு கிடையாது. காது கேட்கும். இருதயம் அடைக்காது. மாத்திரை வேண்டாம். அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் முக்கால் வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். “என்னளா?”

“அரசாட்சி வந்தா உங்களுக்கு ஒரு நோயும் இருக்காதாம். அப்பம் எனக்கு என்ன வேலை?”

வலது காதை என் பக்கம் திருப்பினார். “என்னது?”

இன்னும் சத்தமாகச் சொன்னேன். சுற்றி வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாளியைக் கீழே வைத்தார். தெரியவில்லை என்றுதான் சொல்லப்போகிறார், பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று நினைத்தேன்.

அவரோ கல்லறையின் காலிப் பாதிக்கு அந்தப் பக்கம், அடுத்த கல்லறை வரைக்கும் கிடந்த மண்ணில் குனிந்து கையால் சாண் வைத்து அளக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிரும்போது மூச்சு வாங்கியது.

“ஒடுக்கம்தான். நீ ஒல்லிதானளா, கொள்ளும்.”

“எதுக்கு?”

“அவ அந்தப் பக்கம்லா கெடக்கா. எக்காளம் ஊதுனாலும் எனக்குக் கேக்காது. எந்திரிக்கணும்னு நீதான இந்தக் காதுல சொல்லணும்?”

“காதெல்லாம் அங்கன சரியாயிரும்னு அண்ணாச்சி சொன்னாவ.”

“எந்திரிச்ச பெறகுல்லா சரியாவும்?” என்றார்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடைப்பு போயிற்று, இடது காது அப்படியேதான் இருக்கிறது. அவளைப் பார்ப்பதற்கு அவரை எழுப்பிவிடுகிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறாரா, அல்லது வேறு ஏதாவது சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த ஈஸ்டருக்குக் கல் கழுவப் போனபோது, அவர் பார்க்காத நேரமாக அந்த மூன்று சாண் மண்ணில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். கொள்கிறது.