சின்னவள் எடுத்த கூறு

பிரான்சில் இருக்கும் அண்ணா அனுப்பிய லப்டொப் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியின் மேல் தங்கச்சியின் பெயர்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அரசாங்கக் கந்தோரில் எட்டு வருடமாகக் கணினியோடு மாரடிக்கிறவள் நான். அவள் கம்பஸ் படிப்புக்கு எடுபட்டு மூன்று கிழமைகூட ஆகவில்லை. "ரெண்டு பேரும் மாறிமாறிப் பாவியுங்கோ" என்று அண்ணா போனில் சொன்னான். அது என் வாயை அடைக்கச் சொன்னது என்று எனக்குத் தெரியாதா என்ன?

திறந்தால் எல்லாம் பிரெஞ்சு. "ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள்தான் அக்கா மாத்தித் தரவேணும்" என்று தங்கச்சி வந்து நின்றாள். இதற்கு மட்டும் அக்கா வேண்டும். பென்டிரைவில் வேறு சிஸ்டம் கொண்டுவந்து, இருந்ததை முழுக்க அழித்து, ஹாட் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்தேன். சிஸ்டத்துக்கு நூறு ஜிபி. மீதியை எங்கள் இருவருக்கும் சமமாகப் பிரிப்பதுதான் நியாயம். நான் ஒன்றுக்கு முந்நூறு போட்டேன், மற்றதற்கு அறுபது சொச்சம். சிஸ்டம் ஏறி முடிந்தது. எது யாருடையது என்று பெயர் எழுதுவதுதான் மிச்சம்.

அப்போது மீன்பிடிக்கப் போன அப்பா கடலால் வந்தார். "என்ன பிள்ளை செய்யிறாய்?"

"உள்ளுக்க இருக்கிற இடத்தை எங்கள் ரெண்டு பேருக்கும் பிரிச்சிருக்கிறன் அப்பா."

அப்பாவுக்கு ஜிபி தெரியாது, பங்கு தெரியும். கரையில் மீனைக் கூறு வைத்தவன் தன் கூறைக் கடைசியாகத்தான் எடுக்கவேண்டும். அப்போதுதான் பிரிக்கிற கை கள்ளம் செய்யாது.

"அப்ப நீ கடைசி. சின்னவள் முதல் எடுக்கட்டும்" என்றார்.

அப்படியென்றால் முந்நூறு அவளுக்குப் போய்விடும். தங்கச்சி குனிந்து பார்த்தாள். திரையில் இரண்டு எண்களும் பளிச்சென்று நின்றன. கணக்கில் புலி அவள். எண்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அறுபதின்மேல் விரலை வைத்தாள்.

"நான் இதை எடுக்கிறன். எனக்கு இவ்வளவு காணும். அக்காவுக்குக் கந்தோர் வேலையும் இருக்கு."

"சண்டை இல்லாமல் முடிஞ்சுது" என்று அப்பா கால் கழுவப் போனார்.

இரண்டையும் அழித்துச் சமமாகப் பிரிக்க இரண்டு நிமிடம் போதும். கையும் அதற்குப் போனது. ஆனால் மாற்றினால் நான் செய்த கள்ளத்தை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கம்பஸ் அவளுக்கு, அண்ணாவின் செல்லம் அவளுக்கு. நல்லவள் என்ற பெயரும் அவளுக்கேயா? சின்னதில் 'தங்கச்சி' என்று எழுதிவிட்டு லப்டொப்பை அவள் பக்கம் தள்ளினேன்.

"தாங்ஸ் அக்கா" என்றாள்.

அதில் ஒரு துளி குத்தலாவது இருந்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.